நிரூபிக்கும் சுமை யாருக்கு?

'இயற்கையானது', 'சூழலுக்கு உகந்தது', 'மக்கும் தன்மை கொண்டது'. இவற்றில் ஒரு சொல்லாவது அச்சிடப்படாத பொருளை நம் குளியலறை அலமாரியில் தேடினால் சில நிமிடங்களாவது பிடிக்கும். ஷாம்பு, பாத்திரம் கழுவும் திரவம், குழந்தையின் டயப்பர், நாப்கின், துணிசோப்பு என்று இவற்றைத் தேர்ந்தெடுப்பவர்களும் கையாள்பவர்களும் பெரும்பாலும் பெண்களே. ஆகவே அந்தச் சொற்கள் யாரைப் பார்த்துப் பேசுகின்றன என்பதில் குழப்பம் இல்லை. அந்தச் சொல் பொய்யென்றால் அநீதி இழைக்கப்படுவது யாருக்கு? அது உண்மையா என்று சோதித்துப் பார்க்கும் கடமை யாருடையது? நுகர்வோர் சட்டத்தோடு முடிந்துவிடும் கேள்விகளாக இவை தோன்றலாம். என்னைப் பொறுத்தவரை இவை அறம் சார்ந்த கேள்விகள். பெண்களின் தலையில் யார் எந்தப் பொறுப்பை ஏற்றுகிறார்கள் என்பதைப் பற்றிய கேள்விகளும்கூட.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் இடத்தில் 2019இல் புதிய சட்டம் வந்தது. அதன்கீழ் 2020 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. அந்த ஆணையம் 2024 அக்டோபர் 15 அன்று, சுற்றுச்சூழல் பெயரால் செய்யப்படும் ஏமாற்று விளம்பரங்களைத் தடுப்பதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. இந்த வகை ஏமாற்றுக்குத் தமிழில் 'பசுமைப் பூச்சு' என்ற சொல் புழங்கத் தொடங்கியிருக்கிறது. உள்ளே இருப்பதை மறைத்து மேலே பச்சை அடிப்பது. சூழலுக்குத் தீங்கான தகவலை மறைப்பதும், மிகைப்படுத்துவதும், ஆதாரமில்லாமல் சொல்வதும், நல்ல ஓர் அம்சத்தை மட்டும் பெரிதாகக் காட்டிக் கெட்டதை அடியில் ஒளிப்பதும் இதில் அடங்கும் என்று நெறிமுறைகள் வரையறுக்கின்றன.

'பசுமை', 'தூய்மையான', 'இயற்கையான', 'ஆர்கானிக்', 'கார்பன் நடுநிலை', 'பூமிக்கு நல்லது' போன்ற சொற்களைப் போதிய விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது. சொல்லப்படும் பெருமை முழுப் பொருளுக்குப் பொருந்துமா, அதன் ஒரு பகுதிக்கா, தயாரிக்கும் முறைக்கா, உறைக்கா, பயன்படுத்தித் தூக்கி எறியும் விதத்துக்கா என்று குறிப்பிட வேண்டும். ஆய்வு முடிவுகளில் தனக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கிக் காட்டக் கூடாது. தொழில்நுட்பச் சொற்களைப் பயன்படுத்தினால் சாதாரணமாகப் படிப்பவர்களுக்குப் புரியும்படி விளக்க வேண்டும். விவரங்களை விளம்பரத்திலேயே தரலாம், கியூஆர் கோடு அல்லது இணைய முகவரி வழியாகவும் தரலாம். தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையிலும் ஆணையம் அபராதம் விதிக்கலாம்.

இந்த விதிகளைத் துண்டு துண்டாகப் படித்தால் அலுவலகக் காகிதம்போல் இருக்கும். சேர்த்துப் படித்தால் அடியில் ஒரே ஒரு கொள்கை ஓடுவது தெரியும்: பேசுகிறவர்தான் நிரூபிக்க வேண்டும். கேட்பவள் அல்ல.

நிரூபிக்கும் சுமை பெண்களுக்குப் பழகிப்போன ஒன்று. தொல்லை கொடுத்தவன் தெருவில் சாவகாசமாக நடப்பான். நடந்தது நடந்ததுதான் என்று நாம்தான் சாட்சி தேட வேண்டும். வீட்டுக்குள் ஏதாவது குறைந்தாலும் கெட்டாலும், நாம் கவனமாகத்தான் இருந்தோம் என்று நாம்தான் காட்ட வேண்டும். கடைக்குள்ளும் அதுவே தொடர்ந்தது. 'படித்த பெண்தானே, பின்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டியதுதானே?' இந்தக் கேள்வியைக் கேட்காத பெண் இருக்க மாட்டாள். பின்பக்கம் திருப்பினால் எறும்பு அளவு எழுத்தில் வேதிப்பொருட்களின் பெயர்கள் இருக்கும். அவற்றைப் புரிந்துகொள்ள வேதியியல் பட்டம் வேண்டும், கூடவே ஓய்வு நேரமும் வேண்டும். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் வாக்குறுதி கொடுப்பவருக்கு எந்தச் சுமையும் இல்லை. பின்பக்கத்தைப் படிக்காதவளுக்கு மட்டும் குற்றவுணர்வு.

நான் ஒரு பெண்கள் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். குடிமக்கள் நுகர்வோர் மன்றத்தின் கூட்டம் ஒன்றுக்கு வீட்டிலுள்ள உறைகளையும் காலி டப்பாக்களையும் கொண்டுவரச் சொன்னேன். மேசைமேல் பச்சை இலைகளும் நீர்த்துளிகளுமாகக் குவிந்தன. ஒவ்வொன்றிலும் எந்தச் சொல்லுக்கு ஆதாரம் தரப்பட்டிருக்கிறது, எதற்கு இல்லை என்று பிரித்துக்கொண்டிருந்தோம். அப்போது இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: "மேடம், பத்து ரூபா கூடப் போனா போகட்டும். ஆனா நான் நல்லது பண்றேன்னு நெனச்சுத்தானே வாங்கினேன்? அந்த நெனப்புக்கு யார் பதில் சொல்றது?"

சட்டத்தின் மொழியில் நட்டம் என்பது பணம், உடல்நலம், உரிமை ஆகியவற்றால் அளக்கப்படும். அந்தப் பெண் சொன்ன நட்டத்துக்கு அதில் தனிப் பெயர் இல்லை. ஆனால் இந்த வகைப் பொய்யின் தனித்தன்மை அதில்தான் இருக்கிறது. எடையில் ஏமாற்றும் கடைக்காரர் நம் பணத்தைத்தான் குறிவைக்கிறார். பசுமை என்று பொய் சொல்பவர் குறிவைப்பது நம் நல்லெண்ணத்தை. ஆறு கெடக் கூடாது, பிள்ளைகளுக்கு நல்ல காற்று மிஞ்ச வேண்டும் என்ற அக்கறை யாருக்கு இல்லையோ அவரிடம் இந்தப் பொய் விலைபோகாது. அக்கறை உள்ளவளிடம்தான் விலைபோகும். அவளுடைய நல்ல நோக்கத்தையே கருவியாக்கி, அவள் தடுக்க நினைத்த தீங்கை அவள் கையாலேயே செய்ய வைப்பது அது. மனிதரை வெறும் கருவியாக நடத்தக் கூடாது என்ற காண்ட்டின் பழைய விதிக்கு இதைவிட நேரடியான மீறல் கிடைப்பது அரிது.

இதற்கு ஒரு பின்விளைவும் உண்டு. இரண்டு முறை ஏமாந்தவள் மூன்றாம் முறை உண்மையைச் சொல்பவரையும் நம்ப மாட்டாள். 'எல்லாம் ஒண்ணுதான்' என்பாள். அக்கறை சலிப்பாக மாறுகிறது.

நம்பிக்கை பற்றி நீண்டகாலம் எழுதியவர் ஓனோரா ஓநீல் என்ற தத்துவவாதி. 2002இல் பிபிசியின் ரீத் சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். அவருடைய வாதத்தில் எனக்கு மிகவும் பயன்படுவது இது: மக்களின் நம்பிக்கை குறைந்துவிட்டதே என்று புலம்புவதில் பயனில்லை. நம்பத்தக்கவரை நம்பவும் நம்பத்தகாதவரை மறுக்கவும் வழி இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். தகவலைக் கொட்டுவதால் மட்டும் அந்த வழி பிறந்துவிடாது. கேட்பவர் எடைபோட்டுப் பார்க்கக்கூடிய வடிவில் அது இருக்க வேண்டும். மறைத்து வைப்பதைவிட ஏமாற்றுவதே நம்பிக்கைக்குப் பெரிய எதிரி என்பதும் அவர் கருத்து.

இதை வைத்துப் பார்த்தால் கியூஆர் கோடு ஏற்பாடு எனக்கு அரைகுறையாகத்தான் தெரிகிறது. இந்தியாவில் பெண்களுக்குச் சொந்தமாக ஒரு கைபேசி இருப்பதையே உறுதியாகச் சொல்ல முடியாத வீடுகள் நிறைய. இருந்தாலும் மாலை ஆறரை மணிக்கு, இடுப்பில் குழந்தையோடு பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில், கடை வரிசையில் நின்று கோடை ஸ்கேன் செய்து ஆங்கிலத்தில் இருபது பக்க அறிக்கையைப் படிப்பவர் யார்? உண்மை கட்டத்துக்குள்ளும் வாக்குறுதி வெளியிலும் இருக்கும்வரை சுமை முழுவதும் இடம் மாறிவிட்டதாகச் சொல்ல முடியாது.

இனி நாப்கினை எடுத்துக்கொள்வோம், சட்டம் எதுவரை பார்க்கிறது என்பது அதில் தெளிவாகத் தெரியும் என்பதால். டெல்லியிலுள்ள டாக்சிக்ஸ் லிங்க் என்ற அமைப்பு 2022இல் இந்தியச் சந்தையில் விற்கும் நாப்கின்களைச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. சோதித்த பத்து மாதிரிகளிலும் தாலேட் வகை வேதிப்பொருட்களும் எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் இருந்தன. 'ஆர்கானிக்' என்று விற்கப்பட்டவையும் அந்தப் பத்தில் அடக்கம். பருத்தி இயற்கையாக விளைந்ததாகவே இருக்கலாம். ஆனால் நாப்கினில் பருத்தி மட்டுமா இருக்கிறது? ஒட்டும் பசை, கசியாத அடித்தாள், உறிஞ்சும் பொடி, வாசனை என்று பல அடுக்குகள். ஒரு பகுதிக்குப் பொருந்தும் சொல்லை முழுப் பொருளின் நெற்றியில் ஒட்டக் கூடாது என்ற விதி எதற்கு என்பது இங்கே விளங்கும்.

'மக்கும்' என்ற சொல்லும் இப்படித்தான். வீட்டில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டு வாளி வைத்துப் பழகிய நமக்கு அந்தச் சொல் வாழைப்பழத் தோலை நினைவூட்டுகிறது. மக்கும் பிளாஸ்டிக்குக்கான ஐஎஸ் 17088 தரநிலை பேசுவதோ, சுமார் 60 டிகிரி வெப்பத்தில் இயங்கும் தொழிற்சாலை முறை உரக்கூடத்தைப் பற்றி. அப்படியொரு கூடம் இல்லாத ஊரில் அந்தப் பை சாக்கடையிலும் குப்பைமேட்டிலும்தான் கிடக்கும். சான்றிதழ் பொய்யில்லை. சொல் நம் காதில் விழும் விதம்தான் வேறு. கேட்பவர் எப்படிப் புரிந்துகொள்வார் என்று தெரிந்தே ஒரு சொல்லைப் பயன்படுத்தினால், அந்தப் புரிதலுக்கும் பேசியவர் பொறுப்பேற்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

இப்போது அந்த நாப்கினைச் சுற்றி நிற்கும் பெண்களைப் பாருங்கள். கடையில் வாங்கி வருபவர் அம்மா. அணிபவள் மகள். மறுநாள் காலை குப்பையிலிருந்து அதைப் பிரித்தெடுப்பவர் தூய்மைப் பணியாளர். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் பணம் கொடுத்து வாங்குபவர் நுகர்வோர். வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர். ஆகவே அம்மாவும் மகளும் சட்டத்துக்குள் வந்துவிடுகிறார்கள். மகளின் உரிமைகூட வாங்கியவரின் சம்மதம் வழியாகத்தான் வருகிறது என்பதைப் பெண்ணியவாதிகளாகிய நாம் குறித்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தில் யார் கையில் பணம் இருக்கிறது என்ற பழைய கணக்கு சட்ட வரையறைக்குள்ளும் புகுந்திருக்கிறது. மூன்றாமவரான தூய்மைப் பணியாளர் எதையும் வாங்கவில்லை, பயன்படுத்தவும் இல்லை. ஆகவே நுகர்வோர் சட்டத்தின் பார்வையில் அந்த விளம்பரத்தோடு அவருக்குச் சம்பந்தமே இல்லை. ஆனால் 'மக்கும்' என்ற சொல்லை நம்பி உறை போடாமல் எறியப்பட்ட நாப்கினைத் தொடுவது அவர் கை.

2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதை ஓரளவு உணர்ந்திருந்தன. பயன்படுத்திய நாப்கினைச் சுற்றித் தருவது வீட்டாரின் கடமை. அதற்கான உறையைத் தருவது, இல்லையென்றால் மறுசுழற்சிக்கு உரிய பொருட்களில் தயாரிக்க முடியுமா என்று பார்ப்பது, நிறுவனத்தின் கடமை. அது கழிவுச் சட்டம்; இது விளம்பரச் சட்டம். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை. பொய்யால் பாதிக்கப்படுவது யார் என்ற என் முதல் கேள்விக்கு, 'அதைக் கேட்டவர்' என்ற விடை போதாது என்பதை இந்த மூன்றாவது பெண் காட்டுகிறார். ஒரு பொய்யைக் காதால் கேட்காதவரும் அதன் விலையைக் கொடுக்கக்கூடும்.

திருப்பூரும் இதையே வேறு தொலைவில் சொல்கிறது. ஐரோப்பாவின் கடைகளில் 'சூழலுக்கு உகந்த' என்ற அட்டையோடு தொங்கும் பனியன்களில் நம் ஊரில் தைத்தவையும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த ஆணை, ஆதாரமற்ற பொதுவான பசுமைச் சொற்களைத் தடை செய்கிறது. வேறெங்கோ மரம் நட்டுக் கணக்கை நேர்செய்துவிட்டு 'கார்பன் நடுநிலைப் பொருள்' என்று விற்பதையும் தடை செய்கிறது. 2026 செப்டம்பர் 27ஐ அது தொடக்க நாளாகக் குறித்திருக்கிறது. நல்ல விதி. அது காப்பது பெர்லினில் பனியன் வாங்கும் பெண்ணை. நொய்யலில் சாயம் ஓடி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, வயல் பாழான பெண் அந்த அட்டையைப் பார்த்ததே இல்லை. கழிவுநீரை முழுவதும் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை 2011 ஜனவரியில் மூடச்சொன்னது சென்னை உயர்நீதிமன்றம். அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் ஆற்றோரத்து விவசாயிகள், பனியன் வாங்கியவர்கள் அல்ல. ஆர்கானிக் பருத்தி என்ற சொல் முழு உண்மையாக இருந்தாலும், அதை நூற்ற ஆலையில் எத்தனை மணி நேரம் ஒரு பதினெட்டு வயதுப் பெண் நின்றாள் என்பதை அது சொல்வதில்லை. 'சுற்றுச்சூழல்' என்ற சொல்லுக்குள் ஆறு வருகிறது, மரம் வருகிறது. வேலை செய்யும் பெண்ணின் முதுகுவலி வருவதில்லை.

இந்த விதிகளுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் இரண்டை நான் மதிக்கிறேன். முதலாவது, இவ்வளவு கெடுபிடி செய்தால் நிறுவனங்கள் வாயை மூடிக்கொள்ளும், நல்லது செய்பவர்களும் சொல்ல அஞ்சுவார்கள் என்பது. இருக்கலாம். ஆனால் ஓநீல் சொன்ன வேறுபாட்டை நினைத்துப் பாருங்கள். பேசாத டப்பாவிடம் நான் கேள்வி கேட்க முடியும், அதை எடுக்காமலும் போகலாம். பொய் சொல்லும் டப்பா என் கேள்விக்கு முன்பே பதிலைத் திணித்துவிடுகிறது. இரண்டில் மௌனம் மேல்.

இரண்டாவது வாதம் கனமானது. நிரூபிக்கப் பணம் வேண்டும். பெரிய நிறுவனத்துக்குச் சான்றிதழ் என்பது ஒரு செலவுக் கணக்கு. பாக்கு மட்டையில் தட்டு அழுத்தும் சுயஉதவிக் குழுவுக்கோ, துணியில் நாப்கின் தைத்துத் தரும் நான்கு பெண்களுக்கோ ஆய்வகக் கட்டணமே ஒரு மாத வருமானமாகிவிடும். பொய்யருக்காகப் போட்ட வேலியில் உண்மை பேசுபவளின் சேலை மாட்டிக்கொள்ளும். இதற்கு வழி இல்லாமல் இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017ஆம் ஆண்டு ஆர்கானிக் உணவு விதிகள், நுகர்வோருக்கு நேரடியாக விற்கும் சிறு உற்பத்தியாளருக்குச் சான்றிதழிலிருந்து விலக்குக் கொடுத்தன. நேரில் விற்பவளிடம் நேரில் கேட்கலாம் என்பதே அதன் நியாயம். "எந்த மட்டைம்மா, எங்கேருந்து வருது?" என்றால் அவள் தோட்டத்தைக் கைகாட்டுவாள். சான்றிதழ் தேவைப்படுவது, கேட்டால் பதில் சொல்ல ஆளில்லாத தூரத்திலிருந்து பேசுபவருக்கு. தூரம் கூடக் கூட, குரல் பெரிதாகப் பெரிதாக, நிரூபிக்கும் சுமையும் கூட வேண்டும் என்பதை அளவுகோலாக வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் நியாயம் செய்யலாம்.

2024ஆம் ஆண்டு நெறிமுறைகளில் என்னைத் தொந்தரவு செய்வது வேறோர் இடம். நிறுவனத்தின் பொதுவான கொள்கை அறிவிப்பு, எந்தக் குறிப்பிட்ட பொருளையும் சுட்டாதவரை, பசுமைப் பூச்சு ஆகாது என்கிறார்கள். ஏமாற்றாதவரை பொதுவான பச்சை நிறமும் படங்களும் ஆகாது. 'எங்கள் வளர்ச்சி சூழலை மதிக்கும் வளர்ச்சி' என்று சொல்லிவிட்டுப் போகலாம். 'எங்கள் எல்லாப் பொருட்களும் சூழலுக்குக் கேடின்றித் தயாரிக்கப்பட்டவை' என்றால்தான் சோதனை. சட்டத்தின் சிரமம் எனக்குப் புரிகிறது, எல்லா நிறத்தையும் தடை செய்ய முடியாது. ஆனால் விளம்பரம் நம்மிடம் வாக்கியங்களால் மட்டும் பேசுவதில்லை. வயல்வரப்பில் ஓடும் குழந்தை, பனித்துளி, பாட்டியின் கை, பின்னணியில் புல்லாங்குழல். வாக்கியம் இல்லாத இடத்தில் மெய்ப்பிக்கவும் எதுவும் இல்லை. பாட்டியின் கை காட்டப்படும் விளம்பரங்களில் விற்கப்படுவது பெரும்பாலும் பாட்டிகள் தெருவிலும் தோட்டத்திலும் காசில்லாமல் எடுத்துக்கொண்ட வேம்பும் சீயக்காயும் மஞ்சளும்தான். அவர்களுடைய அறிவைப் பெயரில்லாமல் எடுத்துக்கொண்டு அவர்களுடைய பேத்திகளுக்கே விற்கிறார்கள். இது எந்த விதியின்கீழும் வராது.

பசுமைப் பூச்சு என்பதன் ஆங்கிலச் சொல் பிறந்த இடத்தையும் சொல்ல வேண்டும். 1986இல் ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கச் சூழலியலாளர், சுற்றுச்சூழலைக் காக்கத் துண்டுகளை மீண்டும் பயன்படுத்துங்கள் என்று விடுதிகள் விருந்தினரைக் கேட்டுக்கொள்ளும் அட்டையைப் பற்றி எழுதினார். சலவைச் செலவு மிச்சமாவது விடுதிக்கு, தியாகம் செய்யச் சொல்லப்படுவது விருந்தினர். பின்னர், 2004 வாக்கில், பிபி என்ற எண்ணெய் நிறுவனம் உங்கள் வீட்டின் கார்பன் தடத்தை நீங்களே கணக்கிடுங்கள் என்று பெரும் விளம்பரம் செய்தது. எண்ணெய் எடுப்பவரின் கணக்கை விட்டுவிட்டு அடுப்பு மூட்டுபவளின் கணக்கு தொடங்கியது. பசுமைப் பொய்யின் ஆழமான வேலை இதுதான் என்று நினைக்கிறேன்: பூமியைக் காப்பதை வீட்டுவேலையாக மாற்றுவது. வீட்டுவேலை என்று ஆகிவிட்டால் அது யார் தலையில் விழும் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

ஆகவே என் இரண்டாவது கேள்விக்கு விடை இது. சோதிக்கும் கடமை முதலில் பேசுகிறவருடையது, பிறகு அரசுடையது. நமக்கு இருப்பது கேட்கும் உரிமை. தவறான விளம்பரம் பற்றிய புகாரை எழுத்திலோ மின்னணு வழியிலோ மாவட்ட ஆட்சியருக்கே அனுப்பலாம் என்கிறது சட்டத்தின் 17ஆம் பிரிவு. மத்திய ஆணையத்துக்கும் அனுப்பலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பொதுமக்களின் நலனைப் பாதிக்கும் விளம்பரமும் மத்திய ஆணையத்தை அமைக்கும் 10ஆம் பிரிவுக்குள் வருகிறது. நுகர்வோர் வரையறைக்குள் நுழையாத மூன்றாவது பெண்ணின் பெயரைச் சொல்லி எழுத அந்தச் சொற்களில் ஓர் இடுக்கு இருப்பதாக நான் நினைக்கிறேன். அன்றைக்கு மேசைமேல் குவிந்த உறைகளிலிருந்து மாணவிகள் மூன்றைத் தேர்ந்தெடுத்துத் தமிழில் புகார் எழுதினார்கள். அதில் ஒன்றில், இந்த உறையை வெறுங்கையால் எடுக்கும் தூய்மைப் பணியாளருக்கு 'மக்கும்' என்ற சொல் என்ன உத்தரவாதம் தருகிறது என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அதற்கு நிறுவனம்தான் பதில் எழுத வேண்டும்.